அதிவேகப் பங்கு வணிகத்தைக் கணினியில் உருவகப்படுத்துதல்: முகவர் மாதிரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள லாபிஸிலிருந்து கோலாலம்பூருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்கிறது. எனவே இங்கிருந்து நாம் அனுப்பும் ஒரு பங்கு ஆர்டர், இடையில் எந்தக் கருவியும் அதைத் தாமதப்படுத்தாவிட்டாலும், சந்தையின் கணினியை அடைய ஒரு மில்லிநொடியாவது ஆகும். சந்தைக் கணினிக்குப் பக்கத்து அறையிலேயே தன் கணினியை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதே பயணம் சில மைக்ரோநொடிகளில் முடிந்துவிடுகிறது. இந்த வேறுபாடு யாருக்கு லாபமாகிறது, யாருக்குச் செலவாகிறது, சந்தை முழுவதையும் எப்போது ஆட்டம் காணச் செய்கிறது என்பதை உண்மைப் பணத்தை இறக்காமல் அறிந்துகொள்ளும் வழிதான் முகவர் மாதிரி. கணினிக்குள் ஒரு சிறு சந்தையை அமைத்து, அதில் பலவகை வணிகர்களை நிரல்களாக உலவவிட்டு, அவர்கள் ஒருவரோடொருவர் மோதுவதால் விலைக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கிறோம்.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஊரில், சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் படிவ மாணவர்களும் விடுமுறையில் வீடு திரும்பிய பல்கலைக்கழக மாணவர்களும் சிலர் என்னோடு சேர்ந்து இத்தகைய சந்தையை அமைத்து வருகிறார்கள். அந்தப் பாடத்தின் வரிசையையே இங்கே தருகிறேன். சாதாரண மடிக்கணினியும் பைத்தான் மொழியில் ஓரளவு பழக்கமும் இருந்தால் போதும். ஏபைட்ஸ் போன்ற ஆயத்தக் கட்டமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்றாலும், முதல் சந்தையை அவரவர் கையாலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிழைகள் எங்கே ஒளிந்துகொள்ளும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

முதல் படி: கேள்வியை எழுதிக்கொள்ளுதல்

நிரலைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதுங்கள். ‘அதிவேக வணிகம் நல்லதா, கெட்டதா’ என்பது எந்தச் சோதனையாலும் விடை காண முடியாத கேள்வி. ‘மார்க்கெட் மேக்கர்களின் (வாங்கவும் விற்கவும் இரு பக்கமும் விலை வைத்துக் காத்திருப்பவர்களின்) தாமதத்தை ஒரு மில்லிநொடியிலிருந்து பத்து மைக்ரோநொடிக்குக் குறைத்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள சராசரி இடைவெளி எவ்வளவு மாறும்’ என்பது விடை காணக்கூடிய கேள்வி. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம் என்ற இரண்டும் அதில் தெளிவாக உள்ளன.

இரண்டாம் படி: ஆர்டர் புத்தகம்

சந்தையின் உயிர் ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட விலைக்கு வாங்கவோ விற்கவோ காத்திருக்கும் லிமிட் ஆர்டர்கள் அதில் இரு பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். எந்த விலையானாலும் உடனே வேண்டும் என்று வரும் மார்க்கெட் ஆர்டர் எதிர்ப்பக்கத்தில் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளும். முதலில் நல்ல விலைக்கு முன்னுரிமை, ஒரே விலையில் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்பதே பெரும்பாலான சந்தைகளின் விதி.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் ஒரு லாட் என்பது பொதுவாக 100 பங்கு. ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் பத்து வெள்ளிக்குள் விலையுள்ள பங்கு ஒவ்வொரு காசாக நகரும். நம் பங்கை 4.00 வெள்ளிக்கு வாங்க முதலில் ஒருவர் 10 லாட்டும், அவருக்குப் பின் இன்னொருவர் 6 லாட்டும் கேட்டுக் காத்திருக்கிறார்கள். விற்கும் பக்கத்தில் 4.01 வெள்ளியில் 5 லாட்டும் 4.02 வெள்ளியில் 12 லாட்டும் உள்ளன. இப்போது 8 லாட் வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வந்தால், அது 4.01இல் இருக்கும் 5 லாட்டையும் எடுத்து, மீதி 3 லாட்டை 4.02இல் எடுக்கும். வாங்கியவர் சராசரியாகக் கொடுத்தது 4.01375 வெள்ளி. அவர் வெளியேறிய பின் விற்கும் பக்கத்தின் சிறந்த விலை 4.02 ஆகிறது, ஒரு காசாக இருந்த இடைவெளி இரண்டு காசாக விரிகிறது. எந்தச் செய்தியும் வரவில்லை, நிறுவனத்துக்கு நல்லதோ கெட்டதோ நடக்கவில்லை, ஆனாலும் விலை நகர்ந்துவிட்டது. உங்கள் நிரல் இந்தக் கணக்கைத் துல்லியமாகத் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

விலையைத் தசம எண்ணாக ஒருபோதும் சேமிக்காதீர்கள். கணினியின் இரும எண்முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 கிடைப்பதில்லை. அந்த நுண்ணிய வேறுபாட்டால் ஒரே விலை இரண்டு வரிசைகளாகப் பிரிந்து, முன்னுரிமை விதி சத்தமில்லாமல் உடைந்துவிடும். 4.01 வெள்ளியை 401 காசு என்ற முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு விலைக்கும் ஒரு வரிசையும், ஆர்டர் எண்ணைக் கொண்டு அதை உடனே தேடி நீக்க ஓர் அகராதி அமைப்பும் வேண்டும். அதிவேக வணிகர்கள் அனுப்பும் ஆர்டர்களில் பெரும்பகுதி நிறைவேறாமல் ரத்தாகிவிடும் என்பதால், ரத்து செய்யும் பகுதி வேகமாக இல்லாவிட்டால் நிரல் முழுவதும் நத்தையாகிவிடும்.

மூன்றாம் படி: கடிகாரம்

பெரும்பாலான தொடக்க முயற்சிகள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழகிய முறைப்படி, நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எல்லா முகவர்களையும் ஒரு சுற்று அழைத்து ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்கத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுதினேன். ஒரு சனிக்கிழமை மாணவி ஒருத்தி, “ஐயா, இந்த மார்க்கெட் மேக்கர் எத்தனை தடவை ஓட்டினாலும் லாபத்திலேயே இருக்கிறதே, சந்தேகமாக இல்லையா?” என்று கேட்டார். அதுவரை மூன்று வாரங்களாக அந்த லாபத்தை ஒரு கண்டுபிடிப்பு என்றே நான் எண்ணி வந்திருந்தேன். நிரலைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. முகவர் பட்டியலில் அந்த மார்க்கெட் மேக்கரை நான் முதலாவதாக எழுதியிருந்தேன். அதனால் ஒவ்வொரு மில்லிநொடியிலும் அது மற்ற எல்லோருக்கும் முன்பாகப் புத்தகத்தைப் பார்த்து, முன்பாகவே தன் ஆர்டரை மாற்றிக்கொண்டது. உத்தியின் திறமையாக நான் கண்டது, வரிசையில் அதற்குக் கிடைத்த முதலிடம் மட்டுமே. மூன்று வார முடிவுகளையும் அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து எழுதினேன்.

சரியான முறை நிகழ்வு வழி உருவகப்படுத்தல். நேரத்தை நானோநொடிகளில் முழு எண்ணாக வையுங்கள். ஒரு ஆர்டர் புத்தகத்தை வந்தடைவது, ஒரு செய்தி முகவரைச் சென்றடைவது, ஒரு முகவர் விழித்தெழுவது என ஒவ்வொன்றும் தனக்கென நேரமுடைய ஒரு நிகழ்வு. எல்லா நிகழ்வுகளையும் ஒரு ஹீப் அமைப்பில் இட்டு, மிக முந்திய நேரமுடையதை எடுத்து நிறைவேற்றி, அதனால் பிறக்கும் புதிய நிகழ்வுகளை மீண்டும் உள்ளே இடுவதே நிரலின் முதன்மைச் சுழற்சி. ஒவ்வொரு முகவருக்கும் தனித் தாமதம் உண்டு: லாபிஸில் இருப்பவருக்கு ஒரு மில்லிநொடியும் அதற்கு மேலும், சந்தைக்குப் பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சில மைக்ரோநொடிகள். அதன் மேல் சிறிய தற்செயல் ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும். தாமதம் போகும்போதும் உண்டு, வரும்போதும் உண்டு. முகவர் காணும் புத்தகம் எப்போதும் சற்றுப் பழையது. இந்தப் பழைமையை விட்டுவிட்டால் அதிவேக வணிகம் என்ற பொருளே மாதிரியிலிருந்து மறைந்துவிடும்.

நான்காம் படி: அறிவில்லாத கூட்டத்திலிருந்து தொடங்குதல்

தனஞ்சய் கோடேயும் ஷியாம் சுந்தரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிக்கற்களில் ஒன்று. நட்டத்துக்கு வணிகம் செய்யக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டோடு விலைகளைத் தற்செயலாகக் கூவும் நிரல்களை ஏலச் சந்தையில் விட்டபோது, மனிதர்கள் நடத்திய சந்தைக்கு ஏறக்குறைய இணையான திறனோடு அது இயங்கியது. சந்தையின் ஒழுங்கில் எவ்வளவு விதிகளால் வருகிறது, எவ்வளவு மனிதர்களின் அறிவால் வருகிறது என்பதைப் பிரித்தறிய இது வழிகாட்டுகிறது. டோய்ன் ஃபார்மரும் அவருடைய சகாக்களும் பின்னாளில் இதே போக்கை ஆர்டர் புத்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நாமும் அப்படியே தொடங்குவோம். ஒவ்வொரு பக்கத்திலும் நொடிக்குச் சராசரியாக 0.5 லிமிட் ஆர்டர், 0.1 மார்க்கெட் ஆர்டர் வரட்டும். ஒவ்வொன்றும் ஒரு லாட். காத்திருக்கும் ஒவ்வொரு ஆர்டரும் நொடிக்கு 0.02 என்ற வீதத்தில் ரத்தாகட்டும். லிமிட் ஆர்டர் எதிர்ப்பக்கத்தின் சிறந்த விலையிலிருந்து 1 முதல் 10 காசு தள்ளி, ஏதாவது ஓர் இடத்தில் அமரட்டும். அடுத்தடுத்த வருகைகளுக்கு இடையிலான நேரத்தை அடுக்குக்குறிப் பரவலிலிருந்து எடுக்க வேண்டும்: 0க்கும் 1க்கும் இடையே ஒரு தற்செயல் எண்ணின் இயல் மடக்கையை எதிர்க்குறியாக்கி வீதத்தால் வகுத்தால் அது கிடைக்கும்.

நிரலை ஓட்டும் முன் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 0.5 வருகிறது, எதிரிலிருந்து வரும் மார்க்கெட் ஆர்டர்களால் 0.1 போகிறது, மீதி 0.4 ரத்துகளால் போனால்தான் சமநிலை. 0.4ஐ 0.02ஆல் வகுத்தால் 20. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் சராசரியாக ஏறத்தாழ 20 ஆர்டர்கள் காத்திருக்க வேண்டும். நிரல் 35 என்றோ 8 என்றோ காட்டினால் எங்கோ பிழை உள்ளது. புத்தகம் காலியாகத் தொடங்குவதால் முதல் சில நிமிடங்களின் தரவை எப்போதும் விலக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மதிப்பறிந்தவர்களும் போக்கைப் பின்பற்றுபவர்களும்

அடுத்து, பங்குக்கு ஓர் உள்மதிப்பைக் கொடுங்கள். அது ஒரு நீண்டகாலச் சராசரியை நோக்கி இழுக்கப்பட்டுக்கொண்டே தற்செயலாக அலையட்டும். மதிப்பறிந்த முகவர்கள் அதைச் சிறு பிழையோடு காண்பார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வாங்குவார்கள், மேலே போனால் விற்பார்கள். போக்கைப் பின்பற்றுபவர்கள் உள்மதிப்பைப் பார்ப்பதில்லை. குறுகிய கால விலைச் சராசரி நீண்ட காலச் சராசரியைத் தாண்டினால் வாங்குவார்கள், இறங்கினால் விற்பார்கள். முதல் வகை விலையை இழுத்து நிறுத்தும், இரண்டாம் வகை அதைத் தள்ளிவிடும். இந்த இரண்டின் விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முழு மாலையைச் செலவிடலாம்.

ஆறாம் படி: மார்க்கெட் மேக்கர்

இரு பக்கமும் விலை வைத்து, இடைவெளியில் சம்பாதிக்கும் இந்த முகவரைப் புரிந்துகொள்ள எங்கள் மாணவர்களுக்கு எந்தப் பாடநூலும் தேவைப்படவில்லை. ஊரின் எல்லையில் செம்பனைப் பழம் வாங்கும் ரேம்ப் ஒன்று இருக்கிறது. காலையில் பலகையில் அன்றைய டன் விலையைச் சாக்குக்கட்டியால் எழுதி, சிறுதோட்டக்காரர்களிடம் குலைகளை எடை போட்டு வாங்கி, சற்றுக் கூடுதலான விலைக்கு ஆலைக்கு அனுப்புகிறார்கள். பறித்த பழம் ஒரு நாளைக்கு மேல் கிடந்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் கூடித் தரம் குறையும். மதியத்துக்குள் மேடையில் பழம் குவிந்து, ஆலை லாரி வரத் தாமதமானால், முதலாளி பலகைக்குப் போய்க் காலையில் எழுதிய எண்ணைக் கையாலேயே அழித்துவிட்டுக் குறைந்த விலையை எழுதுவார். மேடை வெறிச்சோடினால் அதே கை விலையைக் கூட்டி எழுதும்.

அவெல்லனேடாவும் ஸ்டோய்கொவும் 2008இல் கணிதமாக எழுதியது இந்தக் கையின் அசைவைத்தான். மார்க்கெட் மேக்கர் தன் மனத்தில் வைத்துக்கொள்ளும் விலை என்பது, சந்தையின் நடுவிலையிலிருந்து கையிருப்பு, ஆபத்தை அஞ்சும் அளவு, விலை மாற்றத்தின் மாறுபாடு, மீதமுள்ள நேரம் ஆகிய நான்கின் பெருக்கற்பலனைக் கழித்தால் வருவது. எளிமையாகத் தொடங்க, கையில் உள்ள ஒவ்வொரு லாட்டுக்கும் 0.1 காசு இறக்குங்கள். 20 லாட் சேர்ந்துவிட்டால் அதன் இரு விலைகளும் 2 காசு இறங்கும். அதனால் விற்பது எளிதாகி, மேலும் வாங்குவது கடினமாகும். கையிருப்புக்கு ஓர் உச்சவரம்பும், அதை எட்டியதும் வாங்கும் விலையை முழுதும் நீக்கி, மார்க்கெட் ஆர்டரால் சரக்கைத் தள்ளிவிடும் விதியும் கட்டாயம் வேண்டும். அமைதியான நாளில் இவ்விதியால் ஒரு வேறுபாடும் தெரியாது. புயல் நாளில் எல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

ஏழாம் படி: பழைய விலையைக் கொத்துபவர்

உள்மதிப்பு திடீரென மாறும்போது, மார்க்கெட் மேக்கர் தன் பழைய விலையை ரத்து செய்வதற்குள் அதை எடுத்துவிடும் முகவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தாமதம் சமமாக இருந்தால் ஏறத்தாழ பாதி முறை கொத்துபவர் வெல்வார். மார்க்கெட் மேக்கர் அந்த நட்டத்தை ஈடுகட்டத் தன் இடைவெளியை விரிக்க வேண்டியிருக்கும்; அந்தச் செலவு கடைசியில் சாதாரண வாங்குபவரின் தலையில் விழும். இரு தரப்பும் வேகத்துக்குப் பணம் செலவழித்துக்கொண்டே போவதன் காரணமும் இதுவே.

எட்டாம் படி: மாதிரி உண்மைச் சந்தையை ஒத்திருக்கிறதா?

1963இல் பெனோவா மாண்டல்பிராட் பருத்தி விலைகளை ஆராய்ந்து, பெரிய மாற்றங்கள் இயல்நிலைப் பரவல் அனுமதிப்பதைவிட மிக அதிகமாக நிகழ்கின்றன என்று காட்டினார். உங்கள் மாதிரி தரும் விலை மாற்றங்களில் மிகப் பெரியவை எவ்வளவு மிகுதி என்பதைக் காட்டும் கூர்மை அளவைக் (kurtosis) கணக்கிடுங்கள்; இயல்நிலைப் பரவலுக்கு அது 3. உண்மைச் சந்தைகளில், குறிப்பாகச் சிறு கால அளவுகளில், அது அதைவிட வெகுவாகக் கூடியிருக்கும். அடுத்து, விலை மாற்றங்களுக்கும் அவற்றின் முந்தைய மதிப்புகளுக்கும் உள்ள தொடர்பு சில நிமிட இடைவெளியில் ஏறக்குறைய பூச்சியமாக இருக்க வேண்டும். ஆனால் குறியை நீக்கிய அளவுகளின் தொடர்பு மெதுவாகத் தேய வேண்டும், ஏனெனில் கொந்தளிப்பு கொந்தளிப்பைத் தொடர்கிறது. ஒவ்வொரு பரிமாற்றமாகப் பார்க்கும்போது மட்டும், விலை இரு பக்கங்களுக்கிடையே துள்ளுவதால், அடுத்தடுத்த மாற்றங்களுக்கிடையே எதிர்த் தொடர்பு தெரியும். அது பிழையல்ல.

அறிவில்லாத கூட்டம் மட்டும் இருக்கும் மாதிரியில் இந்தக் கொந்தளிப்புத் தொடர்ச்சி வலுவாக வராது. ஐந்தாம் படியின் இரு வகை வணிகர்களும் ஒருவர் முறைக்கு மற்றவர் மாறிக்கொள்ளும் மாதிரியில் அது தானாகவே தோன்றுவதை லக்ஸும் மார்க்கேசியும் 1999இல் காட்டினார்கள்.

ஒன்பதாம் படி: 2010 மே 6ஐ மீண்டும் நிகழ்த்துதல்

அன்று அமெரிக்காவில் டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் பெருமளவு சரிந்து, நாளின் அடிமட்டத்தில் 1,000 புள்ளிகளுக்குச் சற்றே குறைவான இழப்பைக் காட்டி, பின் விரைவாக மீண்டது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகளின் அறிக்கைப்படி, ஒரு பெரிய நிறுவனத்தின் தானியங்கி நிரல் எஸ்&பி 500 குறியீட்டைச் சார்ந்த 75,000 இ-மினி முன்பேர ஒப்பந்தங்களை, அதாவது சுமார் 410 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, விலையையும் நேரத்தையும் பாராமல், முந்தைய நிமிடத்தில் நடந்த பரிமாற்றத்தின் 9 விழுக்காடு என்ற வேகத்தில் விற்றது. பிற்பகல் 2:45:13 முதல் 2:45:27 வரையிலான 14 நொடிகளில் அதிவேக வணிகர்கள் தங்களுக்குள்ளேயே 27,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களைக் கைமாற்றினார்கள். அவர்கள் நிகரமாக வாங்கியதோ சுமார் 200 மட்டுமே. அந்தச் சந்தையில் அன்று இயங்கிய 15,000க்கும் மேற்பட்ட கணக்குகளில் 16ஐ மட்டுமே ஆண்ட்ரே கிரிலெங்கோவும் சகாக்களும் அதிவேக வணிகர்களாக வகைப்படுத்தினார்கள். பரிமாற்றம் 5 நொடிகள் நிறுத்தப்பட்டதும் சரிவு நின்றது.

இதில் நுட்பமான பின்னூட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கையிருப்பு வரம்பை எட்டிய மார்க்கெட் மேக்கர் சரக்கை அடுத்தவரிடம் தள்ளுகிறது, அவர் அதற்கடுத்தவரிடம் தள்ளுகிறார். இந்தக் கைமாற்றம் பரிமாற்ற அளவைப் பெருக்குகிறது. விற்கும் நிரல் அந்த அளவின் 9 விழுக்காட்டை நோக்கியது என்பதால், சந்தையில் வாங்குவோர் பெருகிவிட்டதாகக் கொண்டு இன்னும் வேகமாக விற்கிறது. பரிமாற்றத்தின் அளவும் புத்தகத்தின் ஆழமும், அதாவது அதில் காத்திருக்கும் ஆர்டர்களின் அளவும், ஒன்றல்ல என்பதை அந்த நிரல் அறியவில்லை.

உங்கள் மாதிரியில் இரண்டு பெரிய விற்பனையாளர்களைத் தனித்தனியே ஓட்டுங்கள். ஒருவர் பரிமாற்ற அளவின் 9 விழுக்காட்டைப் பின்தொடர்பவர். மற்றவர் அதே மொத்த அளவை நிமிடத்துக்கு இவ்வளவு என்று சீராக விற்பவர். பிறகு மார்க்கெட் மேக்கர்களின் கையிருப்பு வரம்பைப் பாதியாக்கி இரண்டையும் மீண்டும் ஓட்டுங்கள். விலையின் அடிமட்டத்தோடு, ஒவ்வொரு நொடியிலும் சிறந்த ஐந்து விலைகளில் காத்திருக்கும் மொத்த லாட்டையும் பதிவு செய்யுங்கள். விலை விழுவதற்கு முன்பே ஆழம் வற்றுகிறதா என்பதையே நீங்கள் தேட வேண்டும். இறுதியாக 5 நொடி நிறுத்தத்தைச் சேர்த்து, அந்த இடைவெளியில் மதிப்பறிந்த முகவர்களின் தாமதமான ஆர்டர்கள் வந்துசேர நேரம் கிடைப்பதால் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

பத்தாம் படி: பல விதைகள், தனித்தனி ஓடைகள்

ஒரே ஓட்டத்தின் வரைபடத்தைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. ஒவ்வொரு அமைப்பையும் குறைந்தது 50 வெவ்வேறு தற்செயல் விதைகளோடு (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்களோடு) ஓட்டி, சராசரியையும் பரவலையும் ஒன்றாகத் தாருங்கள். மேலும், எல்லா முகவர்களும் ஒரே தற்செயல் எண் ஓடையிலிருந்து எடுத்தால், புதிதாக ஒரு முகவரைச் சேர்த்த நொடியிலேயே மற்ற எல்லோருக்கும் கிடைக்கும் எண்கள் மாறிவிடும். அப்போது நாம் காணும் வேறுபாடு புதிய முகவரால் வந்ததா, எண்கள் மாறியதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு முகவருக்கும் தனி ஓடை கொடுங்கள். அப்போது இரண்டு அமைப்புகளையும் ஒரே விதையில் ஓட்டி, இணை இணையாக வேறுபாட்டைக் கணக்கிடலாம். குறைந்த ஓட்டங்களிலேயே தெளிவு பிறக்கும். பங்குகளின் மொத்த எண்ணிக்கையும் எல்லோர் பணத்தின் கூட்டுத்தொகையும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பின்னும் மாறாமல் இருக்கின்றனவா என்று நிரலே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் நிலைபெற்ற பின், சந்தை விதியையே மாற்றும் சோதனைக்குத் துணியலாம். எரிக் பூடிஷ், பீட்டர் கிராம்டன், ஜான் ஷிம் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடர் பரிமாற்றத்துக்குப் பதிலாக மிகக் குறுகிய இடைவெளிகளில் கூட்டு ஏலம் நடத்தினால் மைக்ரோநொடிப் போட்டி பொருளற்றுப் போகும் என்று வாதிட்டார்கள். அதற்கான நிரல் பகுதி உங்களுக்குப் புதிதல்ல. புர்சா மலேசியா காலை 9 மணிக்குத் தொடக்க விலையைக் காண்பதும், சேர்ந்திருக்கும் ஆர்டர்களை ஒரே விலையில் பொருத்தித்தான். அந்தப் பொருத்தும் முறையை எழுதி, 100 மில்லிநொடிக்கு ஒருமுறை ஏலம் நடக்கும்படி அமைத்து, ஏழாம் படியின் கொத்துபவரை அதற்குள் விடுங்கள். லாபிஸின் ஒரு மில்லிநொடியும் பக்கத்து அறையின் பத்து மைக்ரோநொடியும் அங்கே எவ்வளவு தூரம் சமமாகின்றன என்பதை, அதே 50 விதைகளில், கொத்துபவரின் லாபத்தைக் கொண்டும் மார்க்கெட் மேக்கரின் இடைவெளியைக் கொண்டும் அளந்து எழுதுங்கள்.